வைரவரும் பத்மாவதியும் குடியிருந்த வீடு

ராமேஸ்வரத்துக்குப் பக்கத்து மண்டபம் ஊரில் பத்மாவதியின் வாய்க்குப் பயப்படாதவர்கள் என்று பார்த்தால் இரண்டே பேர்தான். ஒன்று, அவள் சதை எடுக்கும் கம்பெனியில் கூடை கூடையாக வெந்து வரும் நண்டு. மற்றது, அவள் வீட்டு மூலையில் சூலமாக நிற்கும் வைரவர். நண்டு செத்துப்போனது, வைரவர் சாமி. இருவருக்கும் திருப்பிப் பேசும் வசதி கிடையாது.

மற்ற எல்லோரும் அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள்தான். அகதி முகாமில் இருந்த காலத்தில், பார்வையிட வந்த அதிகாரி ஒருவர் ஏதாவது குறை உண்டா என்று தெரியாத்தனமாகக் கேட்டுவிட்டார். “பெரிசா ஒண்டுமில்லை ஐயா. கக்கூசுக்கு ஒரு கதவு மட்டும் போட்டுத் தாங்கோ. உள்ள இருந்து உங்களை வாழ்த்துறம்” என்றாள். கதவு வந்துவிட்டது. அந்த அதிகாரி மறுபடி வரவில்லை.

மன்னார்ப் பக்கத்துக்காரி. சண்டை மூண்ட வருடம், புருஷன் உருத்திரமூர்த்தியோடும் கைக்குழந்தை கஜனியோடும் படகேறினாள். படகுக்காரன் கடலுக்கு நடுவே ஒரு மணல்திட்டில் இறக்கிவிட்டு, “இதுதான் இந்தியா” என்று சொல்லிப் போய்விட்டான். அவன் சொன்னதில் பொய் இல்லை. இந்தியாதான், ஆனால் சுற்றிலும் தண்ணீர். பகல் முழுக்க அந்த இந்தியாவில் குடிக்கத் தண்ணீர் இல்லாமல் கிடந்தார்கள். அதற்குப் பிறகு முகாம். அங்கே அடிக்கடி ஆள் கணக்கெடுப்பார்கள். வரிசையில் நின்று தலையைக் காட்டிக் காட்டி உருத்திரமூர்த்திக்கு அலுத்துவிட்டது. வெல்டிங் பட்டறையில் வேலை கிடைத்ததும், முகாமை விட்டுப் போவதாக எழுதிக் கொடுத்து, போலீசில் பதிந்து, மண்டபத்திலேயே வெளியே வாடகைக்கு வீடு பிடித்தான்.

வீட்டுக்காரர் கூத்தையா நயினார்கோவில் பக்கத்து மிளகாய் விவசாயி. மகன் பாண்டீஸ்வரன் சிங்கப்பூரிலிருந்து அனுப்பியதை வைத்து மண்டபத்தில் மாடி வீடு கட்டி, மேலே தான் இருந்துகொண்டு கீழ்வீட்டை வாடகைக்கு விட்டார். நல்ல மனிதர். மகனிடமிருந்து ஃபோன் வராத நாட்களில் இன்னும் நல்ல மனிதர். சாமி என்றால் மட்டும் ஆள் அப்படியே சுருண்டுவிடுவார். பாதையோரக் கல்லில் யாராவது மஞ்சளைத் தடவி வைத்திருந்தால்கூடச் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் தாண்டுவார்.

உருத்திரமூர்த்தி ஒருநாள் யார் வீட்டு ஜன்னல் கிரில்லிலோ மிஞ்சிய கம்பியை வளைத்து ஒரு சூலம் செய்து கொண்டுவந்தான். கனவில் வைரவர் வந்து கேட்டாராம். வந்தது வைரவர் இல்லை, பாட்டிலில் வருகிற வேறொன்று என்று பத்மாவதிக்குத் தெரியும். அவள் தடுப்பதற்குள் பின்னறை மூலையில் தரையைத் தோண்டி, சூலத்தை நட்டு, சிமென்டும் பூசிவிட்டான். கூத்தையா மாடியிலிருந்து இறங்கி வந்து பார்த்தார். தரையைத் தோண்டியதற்குச் சத்தம் போடுவார் என்று நினைத்தால், கன்னத்தில் போட்டுக்கொண்டு, “பைரவருதான, இருக்கட்டும்” என்று போய்விட்டார்.

உருத்திரமூர்த்தி போய்ச் சேர்ந்தான். கஜனி முகாமுக்குள்ளேயே ஒருவனைக் கட்டிக்கொண்டு போனாள். வைரவரும் பத்மாவதியும் மிச்சம். வெள்ளிக்கிழமை தோறும் விளக்கேற்றிவிட்டு, “வாடகை குடுக்கிறது நான். நீர் சும்மா நிக்கிறீர்” என்று ஒரு வார்த்தை சொல்லாமல் அவள் எழுந்ததில்லை.

புதுப் பாலம் திறந்து ராமேஸ்வரத்துக்குக் கூட்டம் கூடியதும் பாண்டீஸ்வரனுக்கு ஒரு யோசனை வந்தது. கீழ்வீட்டை இடித்துத் தடுத்து, பக்தர்கள் தங்க ஏசி ரூம் போட வேண்டும். கூத்தையா கீழே வந்து, பத்மாவதியின் முகத்தைப் பார்க்காமல் மின்சார மீட்டரைப் பார்த்தபடி, காலி செய்யச் சொன்னார்.

“போறன் அண்ணை. ஒரு வீடு பாத்துத் தாங்கோ, நாளைக்கே போறன்” என்றாள். அவள் சொன்னது நிஜம்தான். அவளும் தேடினாள். போன இடமெல்லாம் அவள் பேச்சைக் கேட்டதுமே, “சிலோன்காரவுகளா? போலீஸ் வந்து விசாரிக்கும்ல” என்று கதவு பாதி மூடியது. கோழிக்கூடு மாதிரி இருந்த ஒரு வீட்டின் சொந்தக்காரர் மட்டும், கவர்ன்மென்ட் வேலையில் இருக்கிற யாராவது ஜாமீன் நின்றால் தருவதாகச் சொன்னார். “கவர்ன்மென்ட் வேலைக்காரன் எனக்கு மருமகனா இருந்தா நான் ஏன் உங்கட கூட்டுக்குள்ள குனிஞ்சு பாக்கிறன்?” என்று கேட்டுவிட்டு வந்தாள். அந்த வீடும் போயிற்று.

பாண்டீஸ்வரன் லீவில் வந்து இறங்கினான். முதலில் கீழ்வீட்டு ஃபியூசைப் பிடுங்கினான். அடுத்துத் தண்ணீர்க் குழாயின் வால்வை மூடினான். பத்மாவதி எதிர்வீட்டு சபியாவிடம் தண்ணீர் பிடித்துக்கொண்டு, மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் சமைத்து, வாசலில் நின்று அவனை ஏழு தலைமுறைக்கும் சேர்த்துத் திட்டினாள். திட்டித் திட்டித் தொண்டை கட்டியதுதான் மிச்சம்.

நண்டுக் கம்பெனிப் பெண்களுக்குச் சட்டம் சொல்ல ஜுமானா என்று ஒரு வக்கீல் பிள்ளை வந்து போவாள். பெரியபட்டினத்துக்காரி. பத்மாவதி அவளிடம் போய் நின்றாள்.

“கோர்ட் ஆர்டர் இல்லாம ஒங்கள வெளியேத்த முடியாதும்மா. கரண்டையும் தண்ணியவும் நிறுத்துறதும் தப்பு.”

“நான் இந்த நாட்டுக்காரி இல்லையே பிள்ளை?”

“குடியிருக்கிறவங்களான்னுதான் சட்டம் கேக்கும். எங்கன பொறந்தீங்கன்னு கேக்காது.”

பத்மாவதி அதை நம்பவில்லை. சட்டம் என்றால் கணக்கெடுப்பில் நிற்கவைப்பது, அவ்வளவுதான் அவளுக்குத் தெரியும். இருந்தாலும் கேட்க நன்றாக இருந்ததால் இன்னொரு முறை சொல்லச் சொன்னாள். ஜுமானாவும் சொன்னாள்.

அடுத்த வாரம் அவள் கம்பெனியிலிருந்து திரும்பியபோது தெருவில் அவளுடைய வீடு கிடந்தது. வீடு என்றால் கட்டில், தகரப்பெட்டி, அரிசி டிரம், கிரைண்டர், உருத்திரமூர்த்தியின் படம். கதவில் புதுப் பூட்டு. நடந்ததை சபியாதான் சொன்னாள். பாண்டீஸ்வரன் இரண்டு லோடுமேன்களைக் கூட்டிவந்து எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டான். சூலத்துக்கு வந்ததும் ஒருத்தன் கை வைத்துவிட்டு வெடுக்கென்று எடுத்துக்கொண்டான். மற்றவன், “எம்பொண்டாட்டி மாசமா இருக்கா, நான் தொடமாட்டேன்” என்று வெளியே வந்துவிட்டான். கூத்தையா கையெடுத்துக் கும்பிட்டபடி, “வேணாம்லே, வேணாம். பைரவரு, பிடுங்குனவன் கை வெளங்காமப் போயிரும்” என்று மகனை இழுத்துக்கொண்டு வந்தார். எல்லாம் மூடநம்பிக்கை என்று சிங்கப்பூர்த் தமிழில் சொல்லிக்கொண்டிருந்த பாண்டீஸ்வரனும், அப்படியானால் நீங்களே பிடுங்குங்கள் என்று லோடுமேன்கள் சொன்னதும் ஃபோனில் யாரையோ கூப்பிடப் போய்விட்டான்.

பத்மாவதி திட்டவில்லை. அதுதான் சபியாவைப் பயமுறுத்தியது. அரிசி டிரம்மின் மேல் உட்கார்ந்தாள். முகாமில் பெயரை எப்போதோ எடுத்துவிட்டார்கள். கஜனியின் ஒற்றை அறையில் மாமியாரோடு சேர்த்து ஐந்து பேர். வெளியாள் ஒருத்தி அங்கே தங்கிக் கணக்கெடுப்பில் அகப்பட்டால் கஜனிக்குத்தான் வினை. கடலைத் தாண்டினால் மன்னாரில் அவள் வீடு இருந்த இடத்தில் வீடு இல்லை. எங்கே போவது என்று எவ்வளவு யோசித்தும் ஒரு இடம்கூட நினைவுக்கு வரவில்லை. அவளுக்குப் பயமாக இருந்தது.

சபியா ஃபோனில் ஜுமானாவைப் பிடித்துக் கொடுத்தாள்.

“சாமான் எல்லாம் வெளிய வந்துருச்சாம்மா?”

“எல்லாம் வந்திட்டுது பிள்ளை. வைரவர் மட்டும் வரேல்லை.”

அந்தப் பக்கம் சிரிப்பு கேட்டது. “அப்ப நீங்க இன்னும் காலி பண்ணலம்மா. அங்கனயே இருங்க. சூலத்தக் கேட்டா மட்டும் எடுத்துறாதீங்க.”

இருந்தாள். பகலில் சபியா வீட்டுச் சுவரோடு கட்டிய தார்ப்பாய்க்குக் கீழே, இரவில் சபியாவின் அடுப்படியில். சபியாவும் வாடகைக்காரிதான். அவளுடைய வீட்டுக்காரரும் போகவர முணுமுணுக்கத் தொடங்கியிருந்தார்.

வெள்ளிக்கிழமை வந்தது. கூத்தையா மாடிப்படியில் இறங்கினார், ஏறினார், மறுபடி இறங்கினார். வீட்டுக்குள்ளே பைரவரைப் பூட்டிப் பட்டினி போட்டிருக்கிறோம் என்கிற நினைப்பு அவரை ஓரிடத்தில் நிற்க விடவில்லை.

“ஏத்தா, ஒஞ்சாமிக்கு வெளக்குப் போட வேணாமா?”

“பூட்டைத் திறவுங்கோ, போடுறன்.”

“அது முடியாது. மகன் வையிவான்.”

“அப்ப நீங்களே போடுங்கோ. எனக்கென்ன? கோவம் வந்தா மேல்வீட்டுக்குத்தானே வருவார். எனக்குத்தான் வீடில்லையே.”

கூத்தையா போய் விளக்கேற்றினார். அடுத்த வெள்ளிக்கிழமையும் ஏற்றினார். வைரவருக்கு வடைமாலை போடுவது தங்கள் பக்கத்து வழக்கம் என்று பத்மாவதி காற்றோடு சொல்வது போலச் சொன்னாள். அது உண்மையான வழக்கம்தான். ஆனால் இத்தனை வருடத்தில் அவள் ஒருமுறைகூடப் போட்டதில்லை. உளுந்து விற்கிற விலையில் வைரவர் பொறுத்துக்கொள்வார் என்று விட்டிருந்தாள். கூத்தையாவின் மனைவி சண்முகவள்ளி அன்றே உளுந்து ஊறப்போட்டாள். மாலையாகச் சாத்திய வடையைத் தெருவில் எல்லோருக்கும் கொடுத்துவிட்டு, பத்மாவதிக்கும் இலையில் வைத்துக் கொடுத்தார் கூத்தையா. அவர்கள் வீட்டு வடையைத் தின்றுகொண்டே அவர் மேல் வழக்குப் போடும் பத்திரத்தில் அவள் கையெழுத்துப் போட்டாள். வடையில் உப்புக் கொஞ்சம் குறைவு என்று சொல்லவும் தவறவில்லை.

போதாக்குறைக்கு ஒரு கறுப்பு நாய். சபியா போடும் எலும்புக்கு வருகிற தெருநாய், நிழலுக்காக அந்தப் பூட்டிய கதவின் படியில் படுத்துக்கொண்டது. நாய்தான் பைரவரின் வாகனம் என்பது கூத்தையாவுக்குத் தெரியாதா? விளக்கேற்ற வரும்போதெல்லாம் அதன் வாலை மிதிக்காமல் சுற்றிப் போய்ப் பூட்டைத் திறந்தார்.

“பூசாரி செலவ நான் பாத்துக்கிறேன்த்தா. முறையா எடுத்துட்டுப் போயிரு” என்று ஒருநாள் கெஞ்சினார்.

“அவர் வரமாட்டன் எண்டு நிக்கிறார் அண்ணை. அவருக்கும் போக இடமில்லையாம்.”

வழக்கு ராமநாதபுரம் கோர்ட்டுக்குப் போனது. அகதி என்பதால் பத்மாவதியின் விலாசம் போலீசிலேயே இருந்தது. அவள் அங்கே குடியிருந்தாள் என்பதில் தகராறு இல்லை. அவளாகவே மகளிடம் போவதாகச் சொல்லிக் காலி செய்துவிட்டாள், இப்போது அது வெறும் வீடு என்று பாண்டீஸ்வரன் எழுதிக் கொடுத்திருந்தான். அப்பாவையும் அதில் கையெழுத்துப் போடவைத்திருந்தான். நேரில் பார்த்துவரச் சொல்லி வீரமணி என்ற வக்கீலை கமிஷனராக அனுப்பியது கோர்ட்.

அவர் வந்த நாள் வெள்ளிக்கிழமை. கதவைத் திறந்தால் உள்ளே நல்லெண்ணெய் வாசனை. விளக்கு எரிகிறது. சூலத்தின் கழுத்தில் சூடு ஆறாத வடைமாலை.

“வெறும் வீடுன்னுல எழுதியிருக்கு?” என்றார் வீரமணி.

“அது எங்க அய்யா கும்புடுற சாமி சார்” என்றான் பாண்டீஸ்வரன் முந்திக்கொண்டு.

“அப்படியா?” என்று வீரமணி கூத்தையாவைப் பார்த்தார். மகன் பின்னால் நின்று தலையாட்டிக் காட்டினான். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பத்மாவதியின் வழக்கு அங்கேயே படுத்துவிடும். வாசலில் நின்ற அவள் நிலையைப் பிடித்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தாள்.

கூத்தையா மகனைப் பார்த்தார். சூலத்தைப் பார்த்தார். கோர்ட்டுக்கு எழுதிய பொய்யில் கையெழுத்துப் போட அவருக்குக் கை நடுங்கவில்லை. ஆனால் அடுத்தவள் வைத்துக் கும்பிட்ட சாமியை, அந்தச் சாமிக்கு முன்னாலேயே நின்று தன் சாமி என்று சொல்ல நாக்குப் புரளவில்லை.

“இல்ல சார். இது அந்தம்மா சாமி.”

“அப்ப அவங்க காலி பண்ணிட்டுப் போகலையா?”

“சாமிய விட்டுட்டு யாரு சார் காலி பண்ணுவா?”

பாண்டீஸ்வரன் நெற்றியில் அடித்துக்கொண்டான். பத்மாவதிக்குச் சிரிக்கத்தான் தோன்றியிருக்க வேண்டும். ஆனால் அந்தக் கிழவர் மேல் அவளுக்குப் பாவமாக இருந்தது. தன்னைத் தெருவில் தள்ளுவதற்கு இல்லாத பயம், ஒரு கிரில் கம்பியிடம் அவருக்கு இருந்ததே என்று கோபமாகவும் இருந்தது. தன்னையும் யாராவது சிமென்டு வைத்துப் பூசியிருந்தால் நன்றாயிருக்கும் என்று நினைத்தாள்.

வழக்கு முடியும்வரை அவளை வீட்டில் குடிவைக்க வேண்டும், கரண்டும் தண்ணீரும் கொடுக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. முடிவு எப்படி வரும் என்பது பிறகு. பெருமழை பெய்து கட்டில் ஊறிப்போயிருந்த ஒரு காலையில், கோர்ட் உத்தரவை நிறைவேற்றும் அமீனா ஒரு போலீஸ்காரரோடு வந்தார். ஜுமானாவும் கூட வந்தாள்.

காக்கிச் சட்டையைக் கண்டதும் பத்மாவதியின் கை தானாகத் தகரப்பெட்டியைத் தூக்கியது. மன்னாரில் துப்பாக்கியோடு வந்தவன், மணல்திட்டில் எழுப்பிக் கூட்டிப்போனவன், முகாமில் வரிசையில் நிறுத்தியவன், எல்லோரும் அவளிடம் சொன்னது ஒன்றுதான். எழும்பு, நகர், போ. எங்கே போகச் சொல்கிறார்கள் என்று கேட்காமலே மூட்டை கட்ட அவளுக்குப் பழகியிருந்தது.

“உள்ள போங்கம்மா” என்றார் போலீஸ்காரர்.

“எங்கை?”

“ஒங்க வீட்டுக்குள்ளதாம்மா. பூட்டத் தொறந்தாச்சு.”

அவளுக்கு அழுகை வந்தது. அழுவதை இவர்கள் பார்க்கிறார்களே என்று ஆத்திரமும் வந்தது. முந்தானையில் மூக்கைச் சிந்திவிட்டு, நாயைத் தாண்டிப் படியேறினாள்.

“ஒப்படைச்சதுக்கு ஒரு கையெழுத்துப் போட்டுட்டுப் போங்கம்மா” என்று அமீனா பேப்பரை நீட்டினார்.

“கொஞ்சம் பொறுங்கோ” என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள். கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது. அமீனாவும் போலீஸ்காரரும் வாசலில் நின்றார்கள். அவள் திறக்கும்வரை நின்றார்கள்.