நாயின் பெயர் முச்சனேட்டா

முட்டாரே நகரின் சகுப்வா சந்தையில் கீரை விற்கும் செகெசாய்க்கு நாற்பத்தெட்டு வயது. ஜோகன்னஸ்பர்க்குக்கு வேலைக்குப் போன புருஷன் போனவன்தான். பிள்ளையும் இல்லை. வேலிக்கு அந்தப் பக்கம் நாலு பெண்கள் கூடினால் அவள் கதைதான் ஓடும். நேரில் சொல்ல முடியாததை நாயின் பெயரில் சொல்லும் ஊர் வழக்கப்படியே அவளும் பதில் கொடுத்தாள். ஒரு நாயை வளர்த்து அதற்கு முச்சனேட்டா என்று பெயர் வைத்தாள். ‘பேசிப் பேசி நீங்கள்தான் ஓய்ந்துபோவீர்கள்’ என்று அர்த்தம். நாயைக் கூப்பிட்டதற்கு யார் சண்டைக்கு வர முடியும்? நாலு வருஷமாகக் காலையும் மாலையும் வேலியைப் பார்த்துத் தொண்டை கிழிய அந்தப் பெயரைக் கூவிவந்தாள்.

ஒரு திங்கட்கிழமை சந்தைக்குப் பின்னால் சாக்கடையில் மூன்று நாய்க்குட்டிகள் கிடந்தன. தாய் வேனில் அடிபட்டுச் செத்திருந்தது. குட்டிகளைக் கீரைக் கூடையில் போட்டு எடுத்துவந்தாள். முச்சனேட்டா போன வாரம்தான் செத்த குட்டிகளை ஈன்றிருந்தது. பால் கட்டி வயிறு கனத்துக் கிடந்தது. சேர்த்துவிட்டால் போதும் என்று நினைத்தாள்.

சேர்க்க முடியவில்லை. குட்டிகளைக் கண்டாலே நாய் பல்லைக் காட்டியது. வேறு வழியில்லாமல் சோளக்கூழை நீர்க்கக் கரைத்து, துணியில் நனைத்துப் புகட்டினாள். செவ்வாயன்று ஒன்று கழிந்து கழிந்து செத்தது. புதன் விடியலில் இன்னொன்று. மிஞ்சிய பெட்டைக்குட்டி கத்துவதை நிறுத்திவிட்டது. அது கத்தியபோதுகூட அவளுக்கு இவ்வளவு பயம் இல்லை.

அன்று சந்தைக்குப் போகவில்லை. குட்டியை மடியில் வைத்துக்கொண்டு முற்றத்தில் உட்கார்ந்து கூவினாள்: “முச்சனேட்டா! இங்க வா! முச்சனேட்டா!”

நாய் பிடரி சிலிர்க்க வேலிக்கு ஓடிக் குரைத்தது. அதே வேகத்தில் திரும்பிவந்து குட்டியின்மேல் பாய்ந்தது. செகெசாய் கையைக் குறுக்கே கொடுத்தாள். மணிக்கட்டில் ரத்தம் வழிந்தது.

வேலிக்கு மேலே பக்கத்து வீட்டு மாய் ருகுட்சோவின், அதாவது ருகுட்சோவின் அம்மாவின், தலை தெரிந்தது. செகெசாய் மோயோ குலத்துப் பெண் என்பதால் அவளை மாய் ருகுட்சோ மாமோயோ என்றுதான் அழைப்பாள்.

“என்ன மாமோயோ, இன்னிக்குக் காலையிலேர்ந்தே ஏசுறே? நாங்க ஒண்ணும் பேசலியே.”

“உன்னை யாரு ஏசினா? நான் நாயைக் கூப்பிடுறேன்.”

“நாலு வருஷமா இதையேதான் சொல்றே. எனக்குப் புரியுது, நாய்க்குப் புரியாதா? அந்தப் பேரைக் கேட்டாலே சண்டைன்னு பழக்கி வச்சிருக்கே. ஊரையே கடிக்கச் சொல்லிட்டு இப்பப் பால் குடுன்னா குடுக்குமா?”

செகெசாய்க்குச் சுருக்கென்றது. பதிலுக்கு ஒரு வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. குட்டியின் வயிற்றைத் தொட்டாள், குளிர்ந்திருந்தது. வார்த்தையை விழுங்கினாள்.

“அப்ப எப்படிக் கூப்பிடுறது? குட்டி சாகுது, மாய் ருகுட்சோ. சொல்லேன்.”

“கூப்பிடாதே. வாயை மூடிக்கிட்டு உள்ள போய் அதுகூடப் படு. வாயை மூடுறதுதான் உனக்குக் கஷ்டம்.”

குட்டியோடு நாயையும் உள்ளே விட்டு, கதவைச் சாத்திக்கொண்டு தரையில் படுத்தாள். வெகுநேரம் கழித்து நாய் கிட்டே வந்து அவள் மணிக்கட்டை நக்கியது. பிறகு பக்கத்தில் சாய்ந்தது. அதன் காம்பைப் பிதுக்கி, அதன் வாசனையே குட்டிமேல் ஏறட்டும் என்று அந்தப் பாலைக் குட்டியின் தலையிலும் முதுகிலும் தடவினாள். அடித்தொண்டையில் உறுமல் கேட்டது. அவள் பேசவில்லை, அதட்டவில்லை. உறுமிக்கொண்டே நாய் மோந்தது. பிறகு நக்கியது.

குட்டியின் வாயைக் காம்பில் வைத்தாள். நழுவியது. மறுபடியும் வைத்தாள். பால் கடைவாய் வழியே வெளியேதான் ஓடியது.

“மாமோயோ! குடிக்குதா?” ஜன்னலுக்கு வெளியே குரல்.

குட்டியின் தொண்டை ஒருமுறை அசைந்தது. பிறகு ஒன்றும் இல்லை. பிறகு மீண்டும் அசைந்தது.

“அடியே, குடிக்குதா இல்லியா? சொல்லித் தொலையேன்!”

நாய் காதை நிமிர்த்தியது. செகெசாய் மூச்சைப் பிடித்துக்கொண்டு பதில் சொல்லாமல் கிடந்தாள்.