நான் புளி போட்டுத் தேய்த்த தூக்கு

மூன்று வருடங்களுக்கு முன், ஓர் ஆகஸ்ட் மாதத்தில், மயிலாப்பூர் தெப்பக்குளத்துக்குப் பின்னால் ஒரு காபித்தூள் கடையின் மாடியில் நடந்தது இது. அந்த மாடியில்தான் எங்கள் பேட்டை வரலாற்றுச் சங்கமும் அதன் அருங்காட்சியகமும் இருக்கின்றன. அருங்காட்சியகம் என்றதும் பெரிய கட்டடத்தை நினைத்துக்கொள்ளாதீர்கள். இரண்டே அறை, ஐந்து கண்ணாடி அலமாரி, கீழேயிருந்து படியேறி வரும் காபி வாசனை, அவ்வளவுதான்.

நான் இன்சூரன்ஸ் ஆபீஸில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவள். சும்மா உட்காரத் தெரியாது. வீட்டில் இருந்த இரண்டே மாதத்தில் எல்லா அலமாரிகளையும் மூன்று தடவை அடுக்கிவிட்டேன். தன் கண்ணாடியைக் கூடக் கண்டுபிடிக்க முடியாமல் தவித்த என் கணவர்தான், "அங்கே போய் அடுக்கேன், புண்ணியமாப் போகும்" என்று என்னைச் சங்கத்தில் சேர்த்துவிட்டார்.

சங்கத்தின் செயலாளர் ஓய்வுபெற்ற பூகோள வாத்தியார். அவர் ராஜ்யத்தில் ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் அட்டை உண்டு. யார் கொடுத்தது, அவர்கள் என்ன சொன்னார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும். நாம் அந்தப் பொருளுக்கு எது செய்தாலும், தூசி தட்டினால்கூட, தேதி போட்டு எழுத வேண்டும். அட்டையைப் படிக்காமல் எதையும் தொடக் கூடாது. எனக்கு அதெல்லாம் கொஞ்சம் அலட்டலாகவே பட்டது.

அந்த ஆகஸ்டில் கடலோரக் குடும்பங்களிடம் பொருள்களை இரவல் வாங்கி ஒரு கண்காட்சி வைத்தோம். திறப்புக்கு முதல் நாள் நான் அலமாரிகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். முதல் அலமாரியில், வாசலில் நுழைந்ததும் கண்ணில் படுகிற இடத்தில், ஒரு பித்தளைத் தூக்கு. பட்டினப்பாக்கம் பக்கம் மீன் விற்கும் ஓர் அம்மா கொடுத்தது. அவருடைய அப்பா கடலுக்குப் போகும்போது சோறு எடுத்துப்போன தூக்கு என்று தெரியும். ஆனால் அது இருந்த கோலம்! பச்சையும் கறுப்புமாகக் களிம்பேறி, ஒரு பக்கத்தில் வெள்ளையாக ஏதோ அப்பிக்கொண்டு கிடந்தது. நாளைக்கு அந்த அம்மா குடும்பத்தோடு வரப்போகிறார். நாலு பேர் பார்க்கிற இடத்தில் பித்தளையை இப்படியா வைப்பார்கள்?

செயலாளர் பேனர் வாங்க வெளியே போயிருந்தார். நான் கீழே இறங்கி எதிர்க்கடையில் புளியும் கல்லுப்பும் வாங்கிவந்தேன். மொட்டைமாடிக் குழாயடியில் உட்கார்ந்து அரை மணி நேரம் தேய்த்தேன். தூக்கு தங்கமாக மின்னியது. அலமாரியில் வைத்துவிட்டுப் பாராட்டுக்காகக் காத்திருந்தேன்.

செயலாளர் வந்தார், தூக்கைப் பார்த்தார். மேஜை டிராயரிலிருந்து அதன் அட்டையை எடுத்து என் கையில் கொடுத்தார். அந்த வெள்ளைத் தடம் சுண்ணாம்பாம். அப்பா வெற்றிலை போட்டுவிட்டு விரலில் மிச்சமிருக்கும் சுண்ணாம்பைத் தினமும் தூக்கின் அதே இடத்தில் தடவுவாராம். அவர் போன பிறகு, அந்த விரல் தடம் அழிந்துவிடக் கூடாது என்றே வீட்டில் யாரும் தூக்கைக் கழுவவில்லையாம்.

ஒரு மனுஷர் விட்டுப்போன விரலைப் புளி போட்டுக் கரைத்துச் சாக்கடையில் ஊற்றியிருக்கிறேன். "நான் பக்குவமா சொல்லிக்கறேன் மேடம்" என்றார் செயலாளர். வேண்டாம், செய்தவள் நான், நானே சொல்கிறேன் என்றேன்.

மறுநாள் காலை அந்த அம்மா பட்டுப்புடவை, தலை நிறையப் பூ, மகள், மருமகன், பேரப்பிள்ளைகள் சகிதம் வந்து இறங்கினார். படிக்கட்டின் அடியிலேயே மறித்து, ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் மாடி ஏறினார். கண்ணாடிக்கு முன்னால் வெகுநேரம் நின்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"இன்னா யக்கா, புளியா போட்ட?" என்றார் திரும்பி.

தலையாட்டினேன். அவருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "எங்கம்மா உசுரோட இருந்த வரைக்கும் இந்தக் கறைக்கோசரம் எங்கப்பனாண்ட சண்ட போட்டுக்கினே இருந்துச்சு. அது தேச்சு வெக்கும், இவரு மறுநாளே தடவிக்கினு வந்து நிப்பாரு. கடசில நீ வந்து எங்கம்மாவ ஜெயிக்க வெச்சுட்ட!" சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணையும் துடைத்துக்கொண்டார்.

பிறகு அலமாரியைத் திறக்கச் சொன்னார். இடுப்பிலிருந்த சுருக்குப்பையை அவிழ்த்து, நிதானமாக ஒரு வெற்றிலை போட்டார். விரலில் மிஞ்சிய சுண்ணாம்பைத் தூக்கின் அதே பக்கத்தில், அதே இடத்தில் இழுத்துத் தடவினார். செயலாளர் பதறிப்போய், "ஐயோ, அது காட்சிப் பொருள்மா!" என்றார்.

"எங்கப்பன் விரலும் இப்டித்தான் சார் தட்டையா இருக்கும். சரியாத்தான் கீது, பாரு."

செயலாளர் போய் அட்டையை எடுத்தார். அதில் என்னையே எழுத வைத்தார்: புளியும் உப்பும் போட்டுத் தேய்க்கப்பட்டது, தேய்த்தவர் இன்னார். அதற்கு அடுத்த வரியில், மகளால் சுண்ணாம்புத் தடம் மீண்டும் இடப்பட்டது என்று அவர் எழுத, அந்த அம்மா கையெழுத்துப் போட்டார்.

கண்காட்சி முடிந்தும் அவர் தூக்கைத் திருப்பி வாங்கவில்லை. எங்களிடமே இருக்கட்டும், ஆனால் இந்த அக்காவைக் கிட்டே விடாதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். சங்கத்தில் புதிதாக யார் சேர்ந்தாலும் நான் முதலில் காட்டுவது அந்த அட்டையைத்தான். என் பெயரைப் படித்ததும் அவர்கள் சிரிப்பார்கள், நானும் சேர்ந்து சிரிப்பேன். ஆனால் இப்போதெல்லாம் வீட்டில்கூட ஒரு கறையைத் தேய்க்கப் போகும்போது என் கை ஒரு நிமிஷம் நின்றுவிடுகிறது, இதில் யாருடைய விரல் இருக்கிறதோ என்று.