எண்பத்துமூன்று அடுப்புகள்

இலங்கையில், தெஹியோவிட்டைக்கு மேலே ஒரு இறப்பர் தோட்டம். வேலைக்குப் போகும் தாய்மார் விடியலில் விட்டுப்போகும் கைக்குழந்தைகளை அங்கே பிள்ளைக்காம்பராவில் முப்பது வருடம் பார்த்துக்கொண்டவர் மூக்காயி. பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவர். மின்சாரத் திட்டமிடலில் ஊறிய என் கணக்கைத் திருத்தியவர் அவர் ஒருவர்தான்.

2003இல் லயங்களுக்கு, அதாவது தொழிலாளர் குடியிருக்கும் ஒற்றை அறை வரிசை வீடுகளுக்கு, மின்சாரம் கொடுக்கத் திட்டம் போட வந்தேன். எத்தனை குடும்பம், மாலை ஏழு மணிக்கு எல்லோரும் சேர்ந்து எவ்வளவு இழுப்பார்கள் என்று கணித்து, அதற்கேற்ற டிரான்ஸ்போமரும் கம்பியும் குறிக்க வேண்டும். ஒவ்வொரு அறையாக, காம்பரா காம்பராவாக ஏறி இறங்கினேன். "ஒரே குடும்பந்தாங்க சேர்" என்று எல்லோரும் சொல்லிவைத்ததுபோலச் சொன்னார்கள். நாற்பத்தெட்டு காம்பரா, நாற்பத்தெட்டு குடும்பம். தோட்டத்து ஆபீஸ் பதிவும் அதையே சொன்னது. நான் பெரிய கெட்டிக்காரன் என்ற நினைப்போடு வரைபடத்தைச் சுருட்டினேன்.

பிள்ளைக்காம்பரா வாசலில் மூக்காயி மறித்தார். "சேர், கணக்கு கொறஞ்சா என்னங்க ஆகும்?"

"கடைசி லயத்துல பல்பு மினுங்கும், வெளிச்சம் வராது. ரொம்ப இழுத்தா டிரான்ஸ்போமரே போயிரும் அம்மா."

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். "அப்ப நீங்க எழுதினது பிழைங்க. அடுப்ப எண்ணுங்க."

மகனுக்குக் கல்யாணமானால் தனி உலை வைப்பது அங்கே வழக்கம். காம்பரா ஒன்றுதான், நடுவில் சேலைத் திரை, இரண்டு அடுப்பு. தோட்டத்தில் பேர் பதியாதவர் லயத்தில் இருக்கக்கூடாது என்பது தோட்டத்தை நிர்வகிக்கும் துரையின் சட்டம். அதனால் கொப்பியும் பேனையுமாக யார் வந்தாலும் திரைக்கு அந்தப்பக்கம் இருப்பவர்களைப் பற்றி மூச்சு விடமாட்டார்கள். வெளிச்சம் கொடுக்க வந்தவனிடமே பொய்யா என்று எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"மொத அடுப்பு என்னோடது" என்றார் மூக்காயி. "ரெண்டாவது எம்மகன் பிரதீபனோடது. அவிசாவளையில ஹாட்வெயார் கடையில நிக்கிறான், தோட்டத்துல பேரில்ல. தொரைக்குத் தெரிஞ்சா பொண்டாட்டி புள்ளையோட வெளிய போகணும். பேர எழுதாதீங்க சேர், அடுப்ப மட்டும் எழுதுங்க."

கோபம் போன இடம் தெரியவில்லை. எந்த அடுப்பில் எந்தப் பிள்ளைக்குப் பால் காய்கிறது என்று அறிந்தவர், விரல்கூட மடக்காமல் லயம் லயமாகச் சொன்னார். எண்பத்துமூன்று. நான் வரைபடத்தைக் கிழித்துப் போட்டு, பெரிய டிரான்ஸ்போமரும் தடித்த கம்பியுமாகப் புதிதாக வரைந்தேன்.

அடுத்த வருடம் மின்சாரம் வந்தது. முதல் நாள் மாலை ஏழு மணிக்கு டிரான்ஸ்போமர் அடியில் நின்று அளந்தேன். அவர் சொன்ன எண்பத்துமூன்று அடுப்புக்கு நான் போட்ட கணக்கும் மீட்டர் காட்டியதும் ஏறக்குறைய ஒன்று.

பிறகு துரையோடு லயங்களைப் பார்க்கப் போனேன். மூக்காயியின் காம்பராவில் திரைக்கு இந்தப்பக்கம் ஒரு பல்பு, அந்தப்பக்கம் ஒரு பல்பு. மருமகள் பிள்ளையோடு நிற்பது திரையில் நிழலாக விழுந்தது. நான் கொடுத்த வெளிச்சமே அவர்களைக் காட்டிக்கொடுத்துவிட்டது. இரண்டு பல்பு எதற்கு என்று துரை சிங்களத்தில் கேட்டார்.

"ஒன்னு எனக்கு. ஒன்னு எம்மகனுக்கு தொரே." மூக்காயி துரையின் முகத்தைப் பார்த்தே சொன்னார்.

துரை பக்கத்துக் காம்பராவைப் பார்த்தார். அங்கும் இரண்டு. அடுத்ததில் மூன்று. கடைசி லயம் வரைக்கும் திரைகளெல்லாம் ஒளிர்ந்தன, ஒருவரும் அணைக்கவில்லை. ஒரு மகனை வெளியேற்றலாம். இத்தனை மகன்களை வெளியேற்றினால் பெற்றவர்களும் கூடவே தோட்டத்தை விட்டு இறங்குவார்கள். மறுநாள் இறப்பர்ப் பால் வெட்ட ஆளிருக்காது.

"நல்ல வெளிச்சம்" என்று மட்டும் சொல்லிவிட்டுத் துரை ஜீப்பில் ஏறினார்.

திரைக்கு அந்தப்பக்கமிருந்து பிரதீபன் மகளைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து, முதல் தடவையாக, எல்லோரும் பார்க்கத் தன் வீட்டு வாசலில் உட்கார்ந்தான்.