விளங்கவில்லை என்று சொல்லத் தெரிந்தவர்

விடியற்காலையில் நசீர் நானாவின் மருமகன் தொலைபேசியில் அழைத்தார். "மாமா மௌத்தாகிட்டாங்க. நெஞ்சு நோகுது எண்டு எழும்பினவங்க, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவும் நேரம் கிடைக்கல்ல. பகல் ளுஹர் தொழுகைக்குப் பிறகு அடக்கம்." கட்டிலில் அப்படியே இருந்துவிட்டேன். அழுகை பிறகுதான் வந்தது. முதலில் வந்தது பயம். இனிமேல் படகில் வோக்கிடோக்கியை யார் பிடிப்பது என்ற பயம்.

அவரை அறிந்தவர்களுக்கு எங்கள் வேலையும் தெரிந்திருக்கும். துறைமுகத்துக்குள் கப்பல் வந்தால், அதன் கயிற்றை வாங்கிக்கொண்டு போய் மிதவையில் கொழுவுகிற சின்னப் படகு எங்களுடையது. மேல்தட்டில் நிற்கும் அதிகாரி எந்த நாட்டவராகவும் இருப்பார். கட்டளை வோக்கியில் ஆங்கிலத்தில் வரும். அதைக் கேட்டுப் பதில் சொல்வது நானாவின் பொறுப்பு. அவருக்கு முடியாத நாளில் என் பொறுப்பு. அவர் ஒருநாளும் லீவு எடுக்கக்கூடாது என்று நான் வேண்டாத கோயில் இல்லை.

வோக்கி பிடிப்பவர்களுக்கு ஆங்கிலம் வேண்டும் என்று சொல்லி, தலை நரைத்த எங்கள் இருவரையும் சனிக்கிழமை வகுப்புக்கு அனுப்பினார்கள். மிஸ்ஸுக்கு எங்கள் பிள்ளைகளின் வயது. பாடம் முடிய "விளங்கினதா?" என்று கேட்பார். "ஓம் மிஸ்" என்று வகுப்பே ஒரே குரலில் சொல்லும். தேத்தண்ணிக்கு நேரமாகிறது என்பது எங்கள் கவலை. நசீர் நானா மட்டும் எழும்பி, "எனக்கு விளங்கல்ல மிஸ்" என்பார். திரும்ப விளக்கினால், "இன்னும் விளங்கல்ல." கடைசி வாங்கில் இருப்பவர்கள் சிரிப்பார்கள். அவர் உட்காராமல் நிற்பார்.

"உங்களுக்கு வெக்கமா இல்லையா நானா?" என்று வெளியில் வந்து கேட்டேன்.

"வெக்கமும்தான், பயமும்தான். வகுப்பில சிரிச்சா காதுதான் சிவக்கும், ரவி. அதுக்கு மேல என்ன நடக்கப்போகுது?"

ஒருநாள் மிஸ்ஸிடம் ஒரு கோரிக்கை வைத்தார். "நீங்க முன்னுக்கு நிண்டு கதைச்சா உங்கட முகத்தப் பாத்தே பாதி விளங்குது. கப்பல்ல நிக்கிறவன்ட முகம் எனக்குத் தெரியாதே. கதவுக்கு அங்கால போய் நிண்டு கதைங்க மிஸ்." மிஸ் புத்தகத்தை எடுத்துக்கொண்டார். பிறகு வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு வாசித்தார். நன்றாகப் படிக்கிறோம் என்று நினைத்திருந்த ஒருவருக்கும் ஒன்றும் பிடிபடவில்லை. கடைசி வாங்குச் சிரிப்பு அன்றோடு நின்றது. அதன் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் கடைசிப் பாடம் கதவுக்கு வெளியிலிருந்துதான். படகு இயந்திரத்தின் இரைச்சலுக்காக மின்விசிறியையும் முழு வேகத்தில் விடச் சொல்வார் நானா.

போன மாரியில் நடந்ததை இன்னும் என்னால் நிம்மதியாக நினைக்க முடியவில்லை. நல்ல மழை. கயிற்றைக் கொழுவிவிட்டு அதன் அருகிலேயே நின்றோம். வோக்கியில் ஏதோ கரகரத்தது. "ஓம் எண்டு சொல்லிப்போட்டு அலுவலைப் பாருங்கோ" என்றார் படகோட்டி. நானா கேட்கவில்லை. "சே அகெய்ன்" என்றார், மறுபடி சொல்லுங்கள் என்று. திரும்பவும் கரகரப்பு. "சே அகெய்ன்." இப்போது மேலிருந்து ஏச்சு விழுந்தது. ஏச்சு என்பது மட்டும் எல்லாருக்கும் விளங்கியது. நானாவின் முகம் வெளிறிப் போயிருந்தது. ஆனாலும் மூன்றாம் முறை கேட்டார். அப்போதுதான் வார்த்தைகள் தெளிவாக வந்தன: விலகிப் போங்கள். நாங்கள் விலகிய கொஞ்ச நேரத்தில் கயிறு இறுகி அறுந்து, நாங்கள் நின்ற இடத்துத் தண்ணீரில் அடித்தது.

 வீட்டுக்குப் போகிற வழியில் அவர் சொன்னார்: "பயப்படலாம் ரவி. பயத்தில ஓம் எண்டு மட்டும் சொல்லப்படாது."

அவருடைய ஊர் கின்னியாவில் அவரை மண்ணில் வைத்துவிட்டு வந்த வாரமே ஒரு கப்பல் வந்தது. வோக்கி என் கையில்.  குரல் வந்தது. ஒரு சொல்லும் விளங்கவில்லை. கயிற்றோடு நின்ற இரண்டு பேரும் என் முகத்தையே பார்த்தார்கள். அவர்களுக்கும் வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள். "யெஸ் சேர்" நாக்கு நுனிவரை வந்துவிட்டது. கண்ணை மூடி, மிஸ் கதவுக்கு வெளியே நிற்கிறார், பக்கத்தில் நானா எழும்பப் போகிறார் என்று நினைத்துக்கொண்டேன். இனி அவர் எழும்ப மாட்டார்.

"சே அகெய்ன்" என்றேன்.

அந்தப் பக்கத்தில் யாரோ சிரித்தார்கள். பிறகு கட்டளை மெதுவாக, சொல் சொல்லாக வந்தது. விளங்கியது. கயிற்றைக் கொழுவிவிட்டு எல்லாரும் முழுதாகத் திரும்பினோம்.

பயம் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். நாளைக்கும் ஒரு கப்பல் இருக்கிறது. நசீர் நானாவிடமிருந்து நான் எடுத்து வைத்திருப்பது "அதுக்கு மேல என்ன நடக்கப்போகுது?" என்ற அந்தக் கேள்வியைத்தான். அன்று கரையில் இறங்கியதும் காதைத் தொட்டுப் பார்த்தேன். சுட்டது. அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை.