பெயர் எழுதாத கட்டம்

என் பிறப்புச் சான்றிதழை அயன் பெட்டி வைத்து நானே நாசமாக்கினேன். கேட்டவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். அன்றைக்கு எனக்கு மிச்சம் இருந்தது முப்பத்தொரு நாள்.

நானும் என் கணவரும் வளைகுடா நாடொன்றில் வேலை செய்கிறோம். அவர் ஒரு கம்பனியில் ஸ்டோர் கீப்பர், நான் சின்னப் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தில் உதவி டீச்சர். எங்கள் மகள் அங்கேதான் பிறந்தாள். இப்போது ஏழு வயது. ஊரில், மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்தில், அம்மா லயத்து வீட்டு வாசல் சாக்கடைக் காணில் வழுக்கி விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டதால், மகளைக் கணவரிடம் விட்டுவிட்டு நான் மட்டும் ஓடி வந்தேன். அங்கே ஒரு சட்டம் இருக்கிறது. வதிவிட விசா உள்ளவர் தொடர்ந்து ஆறு மாதம் நாட்டுக்கு வெளியே இருந்தால் விசா செல்லாது. எனக்கு அது தெரியும். பாஸ்போட் காலாவதியாகப் போவதும் தெரியும். அம்மா கொஞ்சம் எழுந்து நடக்கட்டும், பாஸ்போட்டை ரெண்டு நாளில் எடுத்துவிடலாம் என்று இருந்தேன். சோம்பல் என்று யாரும் நினைக்க வேண்டாம், அது திமிர். பத்து வருஷம் வெளிநாட்டில் இருந்தவளுக்கு ஒரு பாஸ்போட் எடுக்கத் தெரியாதா என்ற திமிர்.

மகள் தினமும் பின்னேரம் போன் எடுப்பாள். முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான். "இன்னும் எத்தனை நாள்மா?" நான் ஒரு கணக்குச் சொல்வேன். அவள் அதைச் சுவரில் மாட்டியிருக்கும் கலண்டரில் எண்ணிப் பார்ப்பாள்.

பாஸ்போட் எடுக்கப் போன இடத்தில் உத்தியோகத்தர் என் சான்றிதழை விரலால் தட்டிப் பார்த்தார். "லெமினேட் பண்ணியிருக்கு. இது எடுக்க ஏலாது. ஒரிஜினல் கொண்டு வாங்க."

"இதுதாங்க ஒரிஜினல்."

"லெமினேட் பண்ணினா ஒரிஜினல் இல்ல."

அவரிடம் என்னத்தைப் பேச? எங்கள் லயத்தில் லெமினேட் பண்ணாத பத்திரம் எந்த வீட்டில் இருக்கிறது? கூரைத் தகரம் ஒழுகும், பெட்டிக்குள் பூச்சி அரிக்கும். பதுளையில் அந்த மெஷின் வந்துவிட்டது என்று கேள்விப்பட்டதும் அப்பா ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டுப் போனார். முதலில் தன் பிரஜாவுரிமைப் பத்திரம், அடுத்தது என் சான்றிதழ். இரண்டையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்ததை அம்மா நூறு தடவை சொல்லியிருக்கிறாள். அப்பா செத்து ஒன்பது வருஷமாகிறது. அவருக்கு அந்த இரண்டு பிளாஸ்டிக் தாளும்தான் சொத்து.

பதுளை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் போட்டோகொப்பிக் கடை வைத்திருக்கும் முஸ்லிம் நானாவிடம் போய் நின்றேன். அவர் சான்றிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அயன் பெட்டிய லேசா சூடாக்கி, மேல துணி போட்டுத் தேய்ச்சா கழண்டு வரும்னு சொல்றாங்க தங்கச்சி. நான் செஞ்சு பார்த்தது இல்ல. கடைசியில என்னைய ஏசக்கூடாது."

வீட்டில் மேசை மேல் துணியை விரித்தேன். பிளாஸ்டிக்கின் ஒரு மூலை சுருண்டு எழுந்ததும் எனக்கு ஏற்பட்ட சந்தோஷம் இருக்கிறதே! நகத்தால் பிடித்து மெல்ல உரித்தேன். பிளாஸ்டிக் வந்தது. எழுத்தும் அதோடு வந்தது. என் பெயர், அப்பா பெயர், தோட்டத்தின் பெயர் எல்லாம் பிளாஸ்டிக்கில் தலைகீழாக ஒட்டிக்கொண்டிருக்க, கையில் மஞ்சள் தாள் ஒன்று மொட்டையாக மிஞ்சியது. "ஐயோ கடவுளே" என்று அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

கட்டிலில் கிடந்த அம்மா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். "போனாப் போகட்டும்டி. போட்டோகொப்பி இருக்குல்ல, அதக் குடுத்துப் பாரு."

"போட்டோகொப்பிய எவன் எடுப்பான்? நான் பதுளைக்குப் போயி புது காப்பி எடுக்கிறேன்."

"அதெல்லாம் எடுக்காத."

"ஏன்?"

"எடுக்காதன்னா எடுக்காத."

நோயாளி ஏதோ உளறுகிறாள் என்று விட்டுவிட்டேன். சும்மா விடவில்லை, "ஒங்களுக்கு என்ன தெரியும், பேசாமப் படுங்க" என்று ஒரு சத்தமும் போட்டேன். எனக்கு வாய் அப்படி.

மறுநாள் விடிய முன்னரே பஸ் ஏறி, குண்டும் குழியுமான பாதையில் குலுங்கி, பசறையில் பஸ் மாறி, பதுளைக்குப் போய்ச் சேர்ந்தேன். பிறப்பு இறப்புப் பதிவு செய்யும் பிரிவில் இருந்த மிஸ் நல்லவர். தமிழில்தான் பேசினார். விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டு உள்ளே போனவர் வெகுநேரம் வரவில்லை. பிறகு என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டு ஒரு தடித்த புத்தகத்துக்கு முன்னால் உட்காரவைத்தார்.

"இந்தப் பிள்ளை உங்களுக்கு யாரு?"

"நான்தான் மிஸ்."

"இல்லையே. இந்தப் பிள்ளை ஒன்றரை வயசுல இறந்துட்டுதே." ஓரத்தில் சிவப்பு மையில் எழுதியிருந்த குறிப்பை விரல் வைத்துக் காட்டினார். பெயர் என் பெயர். பிறந்த திகதி என் திகதி. தாய் தகப்பன் என் தாய் தகப்பன்.

எனக்குக் கோபம் வந்தது. பயம் பிறகுதான் வந்தது. "நீங்க வேற யாரோடயோ மாத்திப் பார்க்கிறீங்க" என்று குரலை உயர்த்தினேன். அவர் கோபப்படவில்லை. அதற்குப் பிந்திய புத்தகங்களை எடுத்து அப்பாவின் பெயரைத் தேடினார். இரண்டு வருஷம் தள்ளி ஒரு பதிவு கிடைத்தது. அதே தோட்டம், அதே பெற்றோர், பெண் பிள்ளை. பெயர் எழுத வேண்டிய கட்டத்தில் ஒன்றுமில்லை.

"பெயர் வைக்காமலே பதிஞ்சிருக்காங்க. அந்தக் காலத்துல தோட்டத்துப் பிறப்பு இறப்பெல்லாம் தொரையோட ஆபீஸ்ல இருந்தே எழுதி அனுப்பிருவாங்க. வீட்டு ஆக்களுக்குத் தெரிஞ்சுகூட இருக்காது" என்றார். "நீங்க இந்தப் பிள்ளைதான்."

நான் அந்த வெற்றுக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதலாம் வகுப்பில் நான்தான் எல்லாரையும்விடக் குட்டை. வயசுக்கு வளராத பிள்ளை என்று டீச்சர் அம்மாவைக் கூப்பிட்டு ஏசியதும் ஞாபகம் வந்தது. ஆறு வயது என்று பள்ளிக்கூடத்தில் சேர்த்த எனக்கு அப்போது நாலுதான்.

என்ன செய்யலாம் என்று கேட்டேன். தாய் வந்து வாக்குமூலம் கொடுக்க வேண்டும். மூத்தது இறந்ததும், அதன் சான்றிதழில் இளையது வளர்ந்ததும் எழுத்தில் வர வேண்டும். அதற்குப் பிறகு இந்தக் கட்டத்தில் பெயர் எழுதி, அடையாள அட்டையைத் திருத்தி, அதை வைத்து பாஸ்போட்.

"முப்பது நாள்ல முடியுமா மிஸ்?"

அவர் சிரித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "நான் என் பக்கம் வேகமாச் செஞ்சு தாறேன்" என்று மட்டும் சொன்னார். என் வேலை போகும், அது போகட்டும். என் மகளிடம் எப்படிப் போவேன்? அந்த மேசையிலேயே தலையை வைத்து அழுதேன், வெட்கமே இல்லாமல்.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவின் முன்னால் நின்று கத்தினேன். பக்கத்து வீட்டில் ரேடியோவைக் குறைத்தார்கள், நன்றாகக் கேட்கட்டுமென்று. அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டுதான் சொன்னாள்.

"ஒங்கப்பாவுக்குப் பிரஜாவுரிமை கெடச்சப்போ, அந்தப் பத்திரத்துல எங்க ரெண்டு பேரு பேரோட மூத்தவ பேரும் இருந்துச்சு. அவ வயித்தால போயி மூணே நாள்ல செத்துட்டா. அப்பறம் நீ பொறந்த. பிரஜாவுரிமை இல்லாத தோட்டத்து ஆக்கள அனுப்பின மாதிரி, பத்திரத்துல பேரு இல்லாத புள்ளயயும் கப்பலேத்தி இந்தியாவுக்கு அனுப்பிருவாங்கன்னு ஒங்கப்பாவுக்குப் பயம். கப்பல் நின்னுபோச்சுன்னுதான் எல்லாரும் சொன்னாங்க. மறுபடி வராதுன்னு யாரு கண்டா? பேரு இருக்கு, புள்ள இருக்கு, எதுக்கு வம்புன்னு அவ பேரையே ஒனக்கு வச்சாரு."

எங்கள் ஆட்கள் பண்ணுகிற வேலையைப் பாருங்கள். என்னை நாட்டில் வைத்திருக்கப் போட்ட பெயர், இப்போது என்னை நாட்டைவிட்டுப் போகவிடாமல் பிடித்துவைத்திருக்கிறது.

"சரி, நாளைக்கே வாங்க. வந்து மூத்தவ செத்துட்டான்னு எழுதிக் குடுங்க."

"மாட்டேன்."

"அம்மா, வெளையாடாதீங்க."

"ஒருக்கா மண்ணு போட்டேன். மறுபடி என் கையால போடச் சொல்றியா? அந்தப் பேரச் சொல்லி ஒன்னயக் கூப்புடுறப்ப எல்லாம் ரெண்டு பேரும் ஓடியாற மாதிரி இருக்கும்டி எனக்கு."

"அப்ப நான் யாரு? எனக்குன்னு ஒரு பேரு வைக்கக்கூட ஒங்களுக்கு மனசு வரலியா?"

பெற்றவளிடம், அதுவும் கால் ஒடிந்து கிடப்பவளிடம், கேட்கக்கூடிய கேள்வி இல்லை இது. கேட்டுவிட்டேன். நாலு நாள் எங்கள் இருவருக்கும் பேச்சில்லை. சோற்றைக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைப்பேன், அவள் பாதி சாப்பிடுவாள்.

கணவர் அங்கே தன் ஆபீஸில் போய்க் கேட்டுப் பார்த்திருந்தார். "ஆறு மாசம்னா ஆறு மாசம்தானாம். ஒரு நாள் கூடக் குடுக்க ஏலாதாம்" என்றார் போனில். அவர் குரலும் உடைந்திருந்தது. பிள்ளைக்குத் தலை பின்னத் தெரியாமல் முடியை வெட்டிவிட்டாராம்.

நாலாம் நாள் பின்னேரம் போன் வந்தபோது நான் பைப்படியில் இருந்தேன். திரும்பி வந்தால் அம்மா போனைக் காதில் வைத்திருக்கிறாள். மகளின் குரல் வெளியே கேட்டது. "அம்மாயி, எங்கம்மாவ எப்பதான் அனுப்புவீங்க? ஒங்களுக்குத்தான் அம்மா ரொம்ப நாள் இருந்துட்டாங்கல்ல."

மறுநாள் காலையில் நான் எழும்போது அம்மா முகம் கழுவி, நல்ல சேலை உடுத்தி, ஊன்றுகோலை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். "ஓட்டோவுக்குச் சொல்லு" என்றாள். அவ்வளவுதான்.

பதுளைக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தோம் என்று கேட்காதீர்கள். ஒவ்வொரு குழிக்கும் அவள் பல்லைக் கடிப்பது எனக்குத் தெரிந்தது. மிஸ்ஸின் மேசை முன்னால் அம்மா உட்காரவில்லை, கோலை ஊன்றி நின்றாள்.

"மூத்த புள்ள செத்துப்போச்சுங்க. இது எனக்கு ரெண்டாவது" என்றாள். சத்தமாகச் சொன்னாள், வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நாற்பது வருஷமாக அவள் சொல்லாத வார்த்தை. மிஸ் எழுதிக்கொண்டார். பிறகு வெற்றுக் கட்டம் இருந்த விண்ணப்பத்தை எடுத்து, "பிள்ளைக்கு என்ன பெயர் போடணும்?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறக்கும் முன் அம்மா ஒரு பெயரைச் சொன்னாள்.

நான் அதுவரை கேட்டிராத பெயர். எங்கள் உறவில், எங்கள் லயத்தில், யாருக்கும் இல்லாத பெயர். அம்மா அதை யோசித்துச் சொல்லவில்லை, கையிலேயே வைத்திருந்தவள் போலச் சொன்னாள். மிஸ்ஸின் பேனா கட்டத்தை நோக்கிப் போனது. நான் எட்டி அவர் கையைப் பிடித்துவிட்டேன்.

"வேணாம் மிஸ், வேணாம்! பழைய பேரையே எழுதுங்க!"

"அது அவ பேருடி" என்றாள் அம்மா. "ஒன் பேரு இதுதான். நீ வயித்துல இருக்கையிலயே நான் வச்சது. ஒங்கப்பா வேணாம்னுட்டாரு."

"அம்மா, என் மகளோட சர்டிபிகேட்டுல தாய் பேருன்னு அந்தப் பேருதான் இருக்கு. கல்யாண எழுத்துலயும் அதுதான். இந்தப் பேர வாங்கினா என் புள்ளைக்கு நான் யாரும்மா?"

அம்மா என்னையே பார்த்தாள். மிஸ் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "ரெண்டு பேரும் பேசிட்டே சொல்லுங்க, பரவால்ல" என்றார். அம்மா மை அட்டையில் பெருவிரலை அழுத்தி, தாளில் வைத்து எடுத்து, சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டாள். கட்டத்தில் அக்காவின் பெயரை எழுதினார்கள்.

மிஸ் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். அவர் பக்கத்து வேலை பதினொரு நாளில் முடிந்தது. அடையாள அட்டை கொழும்பிலிருந்து வர வேண்டும். அதற்கு யார் காலில் விழலாம் என்று நான் கேட்காத ஆள் இல்லை. "வரும்" என்றார்கள். "வரும், வரும்" என்றார்கள். வரவில்லை.

கடைசி நாளும் வந்தது. மகளுக்கு என்ன கணக்குச் சொல்வது என்று நாள் முழுக்க யோசித்தேன். மூன்று மாதம் என்று சொல்லலாமா, பெருநாள் லீவுக்குள் என்று சொல்லலாமா? கணவர் புதிதாக விசாவுக்குப் போடத்தான் போகிறார். ஆனால் அதற்கும் பாஸ்போட் வேண்டும். ஒவ்வொன்றாய்ச் சொல்லிப் பார்த்தேன். எதைச் சொன்னாலும் பொய்.

பின்னேரம் வழக்கமான நேரத்துக்கு போன் வந்தது. பல் ஒன்று விழுந்துவிட்டதாம். பள்ளிக்கூடத்தில் படம் வரைந்து கெட்டிக்காரி என்று பெயர் எடுத்தாளாம். அப்பா இன்றைக்குப் புட்டு அவித்தாராம், கல் மாதிரி இருந்ததாம். நான் சிரித்தேன். சொல்ல வேண்டிய பதிலை வாயில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். அம்மா கட்டிலில் எழுந்து உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரிம்மா, வைக்கிறேன்" என்றாள் மகள்.

அன்றைக்கு அவள் எத்தனை நாள் என்று கேட்கவில்லை.