கையில மட்டும் அடிக்காதே

அண்ணியின் முதுகில் அண்ணன் பெல்ட்டால் விளாசிக்கொண்டிருந்தபோது, நான் சமையலறை வாசலில் நின்று, "அண்ணே, கையில மட்டும் அடிக்காதே, வெள்ளிக்கிழமை கோயில்ல வாசிக்கணும்" என்றேன். நான் அவன் தங்கை, அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. பெரிய நியாயம் கேட்டுவிட்டதாக நினைத்துக்கொண்டேன். இன்று நினைத்தால் என் வாயிலேயே இரண்டு போடத் தோன்றுகிறது. அண்ணன் திரும்பிப் பார்த்தான், சரி என்பதுபோலத் தலையாட்டினான், பெல்ட்டை மறுபடி ஓங்கினான். அதற்கப்புறம் ஆறு வருடம் அந்தச் சொல்லைக் காப்பாற்றினான். வேறு எதிலும் சொன்ன சொல்லில் நிற்காதவன், இதில் மட்டும் நின்றான்.

அண்ணி ஈப்போக்காரர். பன்னிரண்டு வருடம் முறையாகக் கர்நாடக சங்கீதம் படித்து, வயலின் பெட்டியோடு மலையில் ரிங்லெட்டுக்கு மேலே எங்கள் தேயிலை எஸ்டேட் லயத்து வரிசை வீட்டுக்கு வாழ வந்தவர். அண்ணன் எஸ்டேட்டில் கொழுந்து லோரி ஓட்டினான். வெள்ளிக்கிழமை பூஜையில் அண்ணி அம்மன் சன்னிதிக்கு முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்து, வயலினின் தலையை வலது கணுக்காலில் ஊன்றி, அடிப்பக்கத்தை நெஞ்சில் சாய்த்து வாசிப்பார். கடைசித் தீபாராதனைக்கு எப்போதும் சிந்துபைரவிதான். சுற்றுவட்டாரத்தில் எந்தக் கோயிலுக்கும் இப்படி ஒரு கை இல்லை என்று கோயில் தலைவர் பீற்றிக்கொள்வார். பூஜை முடிந்ததும் பெண்கள் வந்து அந்தக் கைகளைத் தொட்டுப் பார்ப்பார்கள். முதுகு எப்படி இருக்கிறது என்று யாரும் கேட்டதில்லை. லயத்துச் சுவர் பலகைச் சுவர். அடிக்கிற சத்தம் கேட்காமல் இருந்திருக்க முடியாது.

அவர் வாசிக்கிற விதத்தை வைத்தே அந்த வாரம் எங்கே அடி விழுந்தது என்று நான் சொல்லிவிடுவேன். கணுக்காலுக்கும் வயலினுக்கும் நடுவில் துண்டை மடித்து வைத்திருந்தால் காலில் உதை. வில்லை நீளமாக இழுக்காமல் துண்டு துண்டாக இழுத்தால் விலா. அப்படி விலாவில் வாங்கியிருந்த ஒரு வெள்ளிக்கிழமை, வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே பக்கத்து வீட்டு அக்கா, "இன்னைக்கு என்னா உருக்கம்லா, அழுகையே வந்துருச்சு" என்றார். எனக்கு அவரைப் பிடித்துத் தள்ளிவிடலாம் போலிருந்தது. தள்ளவில்லை. நானும் அவரைப்போல வீட்டுக்குப் போய்ச் சோறு தின்றேன்.

நான் சொன்னதை அண்ணி மறக்கவில்லை. கொஞ்ச நாளிலேயே அதைப் பயன்படுத்தக் கற்றுக்கொண்டார். அண்ணன் கட்டையை ஓங்கினால் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து முகத்துக்கு முன்னால் நீட்டிவிடுவார். அவன் ஓங்கியது ஓங்கியபடியே நிற்பான். பிறகு கை இல்லாத பக்கமாகச் சுற்றிச் சுற்றி வந்து இடம் தேடுவான். அவன் சுற்ற, அவரும் கைகளை நீட்டியபடி சுற்றுவார். பகல் வெளிச்சத்தில், மிளகாய் வறுபடுகிற வாசனையில், சின்ன சமையலறைக்குள் இரண்டு பேர் அப்படிச் சுற்றியதை நான் பார்த்திருக்கிறேன். அம்மா அடுப்பைப் பார்த்தபடியே இருப்பார்.

கியா பார்மில் பூ பயிரிடுகிற சீனர் ஒருவர் கிட்டார் வாசிப்பார். திருவிழாவில் அண்ணி வாசித்ததைக் கேட்டுவிட்டு, நான் வேலை பார்த்த எஸ்டேட் தேநீர்க் கடைக்கு வந்து என்னிடம்தான் விசாரித்தார். அவரும் டிரம்ஸ் அடிக்கிற மலாய்க்காரர் ஒருவரும் ஞாயிறு பிற்பகல்களில் பிரிஞ்சாங் டவுன் ஹோட்டல் ஒன்றில் வாசித்து வந்தார்கள். அண்ணியையும் சேர்த்துக்கொண்டார்கள். கடையில் எனக்கு உதவிக்கு வருகிறார் என்று வீட்டில் பொய் சொன்னேன். அந்த வருடங்களில் நான் செய்த ஒரே நல்ல காரியம் அந்தப் பொய்தான்.

முதல் சில வாரம் அண்ணிக்கு நின்று வாசிக்கவே வரவில்லை. கணுக்கால் தாங்காத வயலின் நெஞ்சிலிருந்து வழுக்கிக்கொண்டே இருந்தது. மேடையில் பாய் விரித்து உட்கார்ந்துதான் வாசித்தார், கிட்டார்காரரின் முழங்காலைப் பார்த்துக்கொண்டு. பிறகு தாடைக்கடியில் கைக்குட்டையை மடித்து வைத்து நின்றார். கிட்டார்காரரின் காரில் போகும்போதே வயலின் தந்திகளின் பிருடைகளை முறுக்கிக் கோயில் சுருதியைக் கலைத்து பேண்டுக்காரர்களின் சுருதிக்கு ஏற்றுவார், திரும்பும்போது இறக்குவார். மலாய்ப் பாட்டு, சீனப் பாட்டு, இங்கிலீஷ் பாட்டு, எல்லாவற்றுக்கும் நடுவில் அவருடைய குழைவு வந்துவிடும். "நின்னுக்கிட்டு வாசிக்கிறப்ப நல்லா மூச்சு விட முடியுது பாப்பா" என்றார் ஒருநாள். அவர் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அந்த மேடையில்தான்.

அதைக் கெடுத்ததும் நான்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை, மலாய்ப் பாட்டு ஒன்றின் நடுவில் டிரம்ஸ் அடங்கியதும், அண்ணி தனியாகச் சிந்துபைரவியை எடுத்தார். கோயிலில் தீபாராதனைக்கு வாசிப்பாரே, அதே வளைவுகள், அதே இறக்கம். டிரம்ஸ்காரர் மெல்ல வந்து சேர்ந்துகொண்டார். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். நான் கைப்பேசியில் வீடியோ பிடித்தேன். இதைப் பார்த்தால் கல்லும் கரையும் என்று நினைத்தேன். மறுநாள் மத்தியானம் அண்ணனிடம் காட்டினேன். என் புத்தியைச் செருப்பால்தான் அடிக்க வேண்டும்.

அவன் கைதட்டலைப் பார்க்கவில்லை. மேசைகளின் மேலிருந்த பீர் கிளாஸ்களைப் பார்த்தான். ராகத்தையும் அடையாளம் கண்டுகொண்டான். ஆறு வருட வெள்ளிக்கிழமைகள் அவன் காதிலும்தானே விழுந்திருக்கின்றன. எழுந்து போய், சமையலறை மேசையில் வயலினை வைத்துத் துடைத்துக்கொண்டிருந்த அண்ணியின் இடது கையைப் பிடித்து மேசையோடு அழுத்தினான். அண்ணி வழக்கம்போல வலது உள்ளங்கையை விரித்து நீட்டினார். அதைத் தட்டிவிட்டான்.

"எந்த விரலுடி அம்மனுக்கு வாசிச்சதைக் கொண்டுபோய்த் தண்ணி போடுறவனுங்களுக்குக் குடுத்துச்சு?"

"எல்லா விரலும்தான்" என்றார் அண்ணி.

அம்மா ஓடி வந்தார். "டேய், கையை விட்டுருடா! கோயில்ல கேட்டா என்னாடா சொல்றது?" அந்த நேரத்திலும் அதைத்தான் சொன்னார். நான் சொல்லிக்கொடுத்த பாடம்.

"கோயிலுக்கு இனிமே இந்தக் கை ஆகாதும்மா" என்று சொல்லிவிட்டு, அண்ணன் சுண்டுவிரலைப் பிடித்துப் பின்பக்கமாக மடக்கினான். முருங்கைக்காயை ஒடிக்கிற சத்தம். அண்ணி கத்தியது அதற்கப்புறம்தான் வந்தது. அவன் மோதிர விரலைப் பிடித்தான். எனக்கு என்ன ஆயிற்று என்று தெரியவில்லை. மேசையில் கிடந்த வயலினின் கழுத்தைப் பிடித்துத் தூக்கி, இருந்த பலம் அத்தனையும் திரட்டி அவன் காதோடு சேர்த்து அறைந்தேன். பலகை பிளந்தது. தந்திகள் அறுந்து என் மணிக்கட்டைக் கிழித்தன. அவன் விரலை விட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தான்.

போலீஸ் ரிப்போர்ட்டில் நடந்தது முழுவதையும் சொன்னேன், நான் அடித்ததையும். அண்ணன் சிறைக்குப் போய் வந்து, இப்போது கோலா தெர்லா பக்கம் காய்கறி லோரி ஓட்டுகிறான். வலது காது சரியாகக் கேட்காது என்கிறார்கள். என்னோடு பேச்சு இல்லை. அம்மாவும் என்னை மன்னிக்கவில்லை. அண்ணி தானா ராத்தாவில் என்னோடு இருக்கிறார், விவாகரத்து ஆகிவிட்டது, ஆனாலும் நான் அண்ணி என்றுதான் கூப்பிடுகிறேன். அவருடைய சுண்டுவிரல் மடங்குவதில்லை. கர்நாடக சங்கீதத்துக்கு மற்ற மூன்று விரல்களே போதும் என்பார். பேண்டில் இன்னும் வாசிக்கிற மற்ற பாட்டுகளுக்குத்தான் சுண்டுவிரல் எட்ட வேண்டும், எட்டாத சுரத்துக்கு இவர் வேறு விரலால் வழுக்கிக்கொண்டு போகிறார். கேட்கிறவர்கள் அதை ஸ்டைல் என்கிறார்கள். கோயில் தலைவர் இரண்டு முறை வந்து கூப்பிட்டார். அண்ணி தேநீர் கொடுத்து அனுப்பிவிட்டார்.

பழைய வயலின் என்ன ஆயிற்று என்று யாராவது கேட்டால் கீழே விழுந்துவிட்டது என்பார். ஒன்பது வயதிலிருந்து அவர் மடியிலேயே இருந்தது அது. அன்றைக்கு அது பிளந்து என் கையில் தொங்கியபோது, அண்ணனை அடித்ததை மறந்து, அதைப் பார்த்துத்தான் எனக்கு அழுகை வந்தது. "அண்ணி, வயலின் போச்சு" என்றேன்.

அவர் ஒடிந்த விரலை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, எழப் பார்த்த அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"போனா போவுது. அவனுக்கு இன்னொண்ணு போடு."

போட்டேன்.