வேலுத்தாய் கட்டிய முனியறை

காந்தலூருக்கு ஜீப் வரத் தொடங்கிய புதிதில், அது வந்து திரும்புகிற இடத்தில் ஒரே ஒரு கடைதான் இருந்தது. வேலுத்தாயின் கடை. காலையில் இட்லி, மதியம் சோறும் மொச்சைக் குழம்பும், மற்ற நேரமெல்லாம் டீ. புருஷன் நல்லதம்பி சரிவில் பூண்டு போட்டிருந்தார். பூண்டு அவர் பாடு, கடை இவள் பாடு என்று வாய்விட்டுப் பேசாமலே இருவரும் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

வேலுத்தாய்க்கு ஒரு குணம் உண்டு. வந்தவர் எதைப் பார்த்து முகம் சுளித்தார் என்பது அவள் கண்ணுக்குத் தப்பாது. டம்ளரில் புகை வாடை என்று ஒருவர் மூக்கைச் சுருக்கினால், மறுநாளே டம்ளர் கழுவும் தொட்டி அடுப்பை விட்டுத் தள்ளிப் போயிருக்கும். யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. வந்த ஆள் மனம் குளிர்ந்து போகாவிட்டால் அவளுக்குத் தூக்கம் பிடிக்காது, அவ்வளவுதான்.

கோடையில் வெளியூர்க்காரர்கள் வந்தார்கள். குளிருக்கும் பழத்துக்கும் வந்தவர்கள், கையோடு முனியறைகளையும் பார்க்க ஆசைப்பட்டார்கள். ஊருக்கு மேலே பாறைமேட்டில், பட்டைக்கற்களைச் சுவராக நிறுத்தி, மேலே ஒரு பெரிய கல்லைப் பாவி மூடிய சின்னச் சின்ன அறைகள் அவை. முனிவர்கள் தவம் இருந்த இடம் என்பார்கள் சிலர். செத்தவர்களை உட்கார வைத்த இடம் என்பார்கள் சிலர். எந்தக் காலத்து வேலை என்று ஒருவருக்கும் தெரியாது. அவை தனித்தனியாக இல்லை. ஒரு தெருவில் வீடுகள் இருப்பது போல, ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டு கூட்டமாக இருந்தன.

அப்படி வந்தவர்களில் வெங்கடேஸ்வரன் ஒருவர். பாலக்காட்டில் பாங்கு உத்தியோகம், கல்பாத்தியில் வீடு. ஒவ்வொரு கோடை விடுமுறைக்கும் சொந்தபந்தம், அக்கம்பக்கம் எல்லோரையும் திரட்டி, உடுமலைப்பேட்டை வழியாக வேனில் அழைத்து வருவார்.

"இடம் என்னமோ நன்னாத்தான் இருக்கு, வேலுத்தாய். ஆனா பொம்மனாட்டிகளுக்குக் கால் அலம்ப ஒரு மறைவு கிடையாது. வயசானவாளுக்கு அந்தப் பாறையிலே ஏற முடியலை. பாதியிலே திரும்பி வந்து வேன்லயே உக்காந்துண்டிருக்கா. அவாளுக்கு இங்கே பார்க்க என்ன இருக்கு, சொல்லுங்கோ?"

"நெசந்தான் சாமி. செஞ்சுருவோம்" என்றாள் அவள்.

செய்யவும் செய்தாள். மூங்கில் தட்டி கட்டி மறைவு வைத்தாள். கல்பாத்திக்காரர்கள் புளியோதரையும் தயிர்சாதமும் வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு வருவார்கள், வெளியே கை நனைக்க மாட்டார்கள். அவர்கள் நிழலில் உட்கார்ந்து சாப்பிடத் தனியாக ஒரு கூரை போட்டு, இலை அறுத்து வைத்து, புதுப் பாத்திரத்தில் பால் காய்ச்சிக் கொடுத்தாள். அடுத்த கோடையில் ஒரு வேனுக்கு இரண்டு வேன் வந்தது.

ஆனால் மலை அப்படியேதான் இருந்தது. ஏற முடியாதவர்கள் கடைவாசலில் உட்கார்ந்து, மேலே போனவர்கள் திரும்புவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த முகங்கள் வேலுத்தாயை அறுத்தன. மலையை இறக்க முடியாது, அறையை இறக்கினால் என்ன என்று தோன்றியது அவளுக்கு.

பள்ளிவாசல் தேயிலை எஸ்டேட் பங்களாக்களில் கல்வேலை செய்த சுவக்கீனை ஆள் அனுப்பி வரவழைத்தாள். தோள்கள் இறுகிய, அதிகம் பேசாத மனிதன். விஷயத்தைக் கேட்டதும் தலையைச் சொறிந்தான்.

"கட்டிருதேன்க்கா. யாருக்கு?"

"யாருக்கும் இல்ல தம்பி. சும்மா பாக்கத்தான்."

"மேல கெடக்குத கல்ல எடுக்க மாட்டேன், சொல்லிட்டேன்."

"அத எதுக்குத் தொடணும்? எங்க பூண்டுக் காட்டுக்குப் பின்னாடி பாறை கெடக்கு. புதுசா ஒடச்சுக்க."

சுவக்கீன் மேட்டுக்கு ஏறி, ஒரு பழைய அறையைக் கொடியால் அளந்து வந்தான். மாசிப் பனியில் வேலை தொடங்கி, பங்குனிக்குள் முடித்துவிட்டான். கடைக்குப் பின்னால், சாலையிலிருந்து இரண்டு எட்டு வைத்தால் போதும். நான்கு பக்கமும் பட்டைக்கல், முன்கல்லில் ஆள் குனிந்து நுழைய ஒரு வாய், மேலே மூடுகல். உள்ளே உட்காரலாம், நிமிர்ந்து நிற்க முடியாது. மேட்டில் இருப்பவற்றுக்கும் இதற்கும் நிறம் ஒன்றுதான் வித்தியாசம். மழை இரண்டு அடித்தால் அதுவும் போய்விடும் என்றான் சுவக்கீன்.

வேலுத்தாய் அதைப் பழசு என்று யாரிடமும் சொல்லவில்லை. புதுசு என்றும் சொல்லவில்லை. "முனியறை பின்னால இருக்கு, போய்ப் பாருங்க" என்பதோடு நிறுத்திக்கொண்டாள். முழங்கால் வலிக்காரர்கள் எல்லாம் குனிந்து நுழைந்து, உட்கார்ந்து பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டே வந்தார்கள்.

முதலில் வேலுத்தாய் வீட்டு ஆடுதான் மாறியது. புது முனியறைப் பக்கம் புல் நன்றாக இருந்தும் மேயப் போக மறுத்தது. பிறகு ஒரு நாள் காலையில் கூட்டப் போன வேலுத்தாய், தரை ஏற்கனவே கூட்டியிருப்பதைக் கண்டாள். சருகு ஒன்றில்லை. பின்சுவரில் கை வைத்தாள். கல் வெதுவெதுப்பாக இருந்தது. அப்போதுதான் எழுந்து போனவர் விட்டுச் சென்ற பாயைப் போல.

நல்லதம்பியிடம் சொன்னபோது அவர் பூண்டுத் தாளை உரித்துக்கொண்டே கேட்டார்: "வீடுன்னு ஒண்ணக் கட்டி வச்சுட்டு, யாரும் வரக்கூடாதுன்னா எப்பிடி?"

அவர் விளையாட்டாகச் சொன்னாரா இல்லையா என்று அவளுக்கு விளங்கவில்லை.

சித்திரையில் வெங்கடேஸ்வரனின் வேன் வந்தது. மத்தியானமே பனி இறங்கி, கடையின் பின்பக்கம் வெளுத்துக் கிடந்தது. அவருடைய மனைவி பர்வதம் முனியறைக்குள் தனியாகப் போய்விட்டுத் திரும்பி வந்தாள்.

"ஏன் வேலுத்தாய், அந்தப் பெரியவருக்கு ஒரு கம்பளி குடுக்கப்படாதோ? இந்தக் குளிர்லே வெறும் உடம்போட உக்கார வெச்சிருக்கேளே."

"எந்தப் பெரியவரும்மா?"

"உள்ளே இருக்காரே, அவர்தான். மூலையிலே முழங்காலைக் கட்டிண்டு. முதல்லே எனக்குத் தூக்கிவாரிப் போட்டுடுத்து. அப்புறம் மனசிலாச்சு, எல்லாருக்கும் காட்டறதுக்காக உக்கார வெச்சிருக்கேள்னு. நன்னாப் பண்ணியிருக்கேள், கேட்டேளா."

வேலுத்தாய் கரண்டியைக் கீழே வைத்தாள். "ஏதாச்சும் பேசினாராம்மா?"

"மத்தவாள்ளாம் எப்போ வருவான்னு கேட்டார். நம்ம வேன்லே இருக்கறவாளைத்தான் கேக்கறார்னு நெனச்சு, இதோ வந்துடுவான்னு சொன்னேன்."

பர்வதம் கால் அலம்பப் போனதும் வேலுத்தாய் ஓடிப்போய்க் குனிந்து பார்த்தாள். அறை காலியாக இருந்தது. மூலைக்கல்லில், உட்கார்ந்தவரின் முதுகு படுகிற உயரத்தில் மட்டும் சூடு இருந்தது. மற்ற இடமெல்லாம் பனியாகச் சில்லிட்டது.

அன்றைக்கே அதை இடித்திருக்கலாம். அவள் இடிக்கவில்லை. பர்வதம் ஊரில் சொன்ன கதை பரவி, அந்த வைகாசியில் வந்தவர்கள் எல்லோரும் வாசலிலேயே கேட்டார்கள், முனியறைப் பெரியவர் இருக்கிறாரா என்று. எல்லோருக்கும் அவர் தென்படவில்லை. தென்பட்டவர்கள் சந்தோஷமாக, கொஞ்சம் நெகிழ்ந்துபோய் வந்தார்கள். அசல் முனிவர் மாதிரியே உட்கார்ந்திருக்கிறார் என்றார்கள். கண்ணை மூடாமல் பார்க்கிறார் என்றார்கள். எல்லோரிடமும் அவர் அந்த ஒரே கேள்வியைக் கேட்டிருந்தார். வேலுத்தாய் ஒரு கம்பளியை உள்ளே வைத்தாள். அவரைத் தான் உட்கார வைக்கவில்லை என்று வந்தவர்களிடம் சொல்லவில்லை. கடையில் உட்கார இடம் இல்லாமல் போனது. ஊர்க்காரர்கள் கண்ணில் அவர் படவே இல்லை. அவள் கண்ணிலும் படவில்லை.

மூடுகல்லில் ஒரு விரிசல் என்று சுவக்கீனைக் கூப்பிட்டாள். அவன் உள்ளே தலையை விட்டவன், அப்படியே பின்னால் நகர்ந்து வந்து நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டான்.

"நான் வெறுங்கல்லத்தான் நிறுத்துனேன்க்கா. உள்ள இருக்குதது நான் வச்சதில்ல."

அன்று மாலையே வெங்கடேஸ்வரன் மறுபடி கீழே மறையூர் வரை வந்துவிட்டார். இந்த முறை பர்வதத்தின் தம்பி ராமபத்ரனையும் அழைத்து வந்திருந்தார். மனைவியைப் பறிகொடுத்து ஒரு வருஷம்கூட ஆகாதவர். மாற்றமாக இருக்கட்டும் என்று கூட்டி வந்தார்கள். எல்லோரும் இரவு அங்கேயே தங்கி, மறுநாள் காலை கடைக்கு வந்தார்கள். சுவக்கீனும் விடிந்ததும் ஊருக்குக் கிளம்புவதாக இருந்தவன், ஜீப் கிடைக்காமல் கடையிலேயே இருந்தான்.

ராமபத்ரன் முனியறைக்குள் போனார். மற்றவர்கள் பால் குடித்து, இலை போட்டு, சாப்பிட்டும் முடித்தார்கள். அவர் வரவில்லை. கூப்பிட்டதற்குப் பதில் இல்லை. வெங்கடேஸ்வரனும் சுவக்கீனும் போய்ப் பார்த்தபோது, அவர் மூலையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒருவர் உட்காரும் அளவுக்கு இடம் விட்டிருந்தார்.

"ராமபத்ரா, எழுந்திரு."

"விடுங்கோ அத்திம்பேர். நான் வந்தாச்சுன்னு அவர்கிட்டே சொல்லிட்டேன்."

இழுத்துத்தான் வெளியே கொண்டுவர வேண்டியிருந்தது. உடம்பு கல்லாகக் கனத்தது என்று சுவக்கீன் பிறகு சொன்னான். அடுப்பருகே உட்கார வைத்து, கை கால்களைத் தேய்த்து, சூடான பாலை வாயில் ஊற்றிய பிறகுதான் ராமபத்ரனுக்கு உதடு அசைந்தது. பிறகு விம்மி விம்மி அழுதார். வெங்கடேஸ்வரன் வேலுத்தாயைக் கோபித்துக்கொள்ளவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்க முடியவில்லை. "இது வேண்டாம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு வேனில் ஏறினார்.

"இடிச்சுப் போட்டுரு தம்பி" என்றாள் அவள் சுவக்கீனிடம்.

"ஆளு உள்ள இருக்கையில எப்பிடிக்கா இடிக்க?"

வேன் போன பிறகு, பனி தரையைத் தொட்டுக்கொண்டிருந்த வேளையில், அவளே போய் அந்தக் கல்வாய்க்கு முன்னால் உட்கார்ந்தாள். உள்ளே ஒன்றும் தெரியவில்லை. ஆனால் யாரோ மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருப்பது போல இருந்தது.

"ஐயா, தப்பு என்னோடது. வாரவுக பாக்கட்டும்னு சும்மா கட்டுனேன். நீங்க கேக்குறவுக யாரும் இங்க வரமாட்டாக. அவுக எல்லாம் மேலதான் இருக்காக. நான் கூட்டிட்டுப் போறேன், வாங்க."

எழுந்து மேட்டை நோக்கி நடந்தாள். திரும்பிப் பார்க்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை, அவளுக்கே தைரியம் இல்லை. கொஞ்ச தூரம் தன் காலடி மட்டும் கேட்டது. பிறகு பின்னால் ஒரு சரளைக்கல் உருண்டது. அவள் நின்றால் அதுவும் நின்றது. மூங்கில் புதரைத் தாண்டும்போது, பின்னால் வருபவர் மூச்சு வாங்குவது கேட்டது. வயதானவர்கள் ஏறும்போது வாங்குகிற அதே மூச்சு.

பாதிக்கு மேல் ஒரு வழுக்குப் பாறை உண்டு. வெளியூர்க்காரர்கள் எல்லோரும் தயங்குகிற இடம். எத்தனையோ பேரை அங்கே கைபிடித்து ஏற்றிவிட்டவள் வேலுத்தாய். ஏறி நின்றதும், பழக்கத்தில், யோசிக்காமல் கையைப் பின்னால் நீட்டிவிட்டாள்.

கையில் ஒரு கை வந்து உட்கார்ந்தது.

கனம் இல்லை. மரப்பட்டை போல வறண்டு, எலும்பாக, சில்லென்று இருந்தது. அவளுக்குக் கத்த வரவில்லை. விடவும் மனம் வரவில்லை. இறுகப் பிடித்து ஏற்றிவிட்டாள். அதன் பிறகு அந்தக் கை அவள் கையை விடவே இல்லை.

மேட்டுக்கு வந்தபோது முனியறைகள் பனிக்குள் கறுப்பு கறுப்பாகத் தெரிந்தன. முதல் அறையின் முன்னால் அவள் கையிலிருந்த பிடி தளர்ந்தது. உடனே எல்லா அறைகளுக்குள்ளிருந்தும் பேச்சு எழுந்தது. வேன் வந்து நின்றதும் எல்லோரும் ஒரே நேரத்தில் இறங்கிப் பேசுவார்களே, அப்படி ஒரு கலகலப்பு. ஒரு சொல்லும் புரியவில்லை. வேலுத்தாய்க்கு ஏனோ கண்ணில் நீர் வந்தது.

பிறகு அந்தப் பேச்சு சட்டென்று நின்றது. வேற்றாள் ஒருத்தி நிற்பதை அவர்கள் கவனித்துவிட்டார்கள் என்று அவளுக்குத் தெரிந்தது. ஒவ்வொரு கல்வாயும் தன்னையே பார்ப்பது போல இருந்தது. கும்பிட்ட கையை இறக்காமலே பின்னுக்கு நடந்து, சரிவு வந்ததும் திரும்பி இறங்கினாள்.

மறுநாள் சுவக்கீன் புது முனியறையின் கற்களைத் தொட்டுப் பார்த்தான். மூலைக்கல்லும் மற்றதைப் போலவே சில்லிட்டிருந்தது. உடனே கடப்பாரையைப் போட்டு இடித்தான். அந்தக் கற்களைத்தான் மேட்டுக்குப் போகும் பாதையில் படிகளாகப் பதித்தார்கள். வழுக்குப் பாறையில் ஒரு மூங்கில் பிடி வைத்தார்கள். இடையில் இளைப்பாற இரண்டு இடம் போட்டு, அங்கே மோர்ப்பானை வைத்தாள் வேலுத்தாய். பெரியவரைப் பார்க்க வந்தவர்கள் முகம் வாடித் திரும்பினார்கள், ஒரு கோடை முழுக்க வியாபாரம் மந்தமாகத்தான் இருந்தது. அடுத்த கோடையில் படி இருப்பது தெரிந்து, முழங்கால் வலிக்காரர்களும் மெல்ல மெல்ல ஏறத் தொடங்கினார்கள். பர்வதமே ஏறினாள். ராமபத்ரன் மட்டும் அந்தப் பக்கம் பிறகு வரவில்லை. உடம்பு தேறி, வேலைக்குப் போகிறார் என்று வெங்கடேஸ்வரன் சொன்னார்.

வேலுத்தாய் வெகுகாலம் அந்தக் கடையை நடத்தினாள். மேட்டுக்கு ஆட்களைத் தானே கூட்டிப்போவாள். மேலே போனதும் எல்லோரையும் நிறுத்திவிட்டு, தான் மட்டும் முன்னால் போய், உள்ளே பேச்சு கேட்கிறதா என்று கொஞ்ச நேரம் காது கொடுத்து நிற்பாள். பெரும்பாலும் "வாங்க" என்று கை காட்டுவாள். சில நாள், வெயில் பளிச்சென்று அடிக்கும் நாளாகவே இருந்தாலும், "இன்னைக்கு வேண்டாம், இறங்குவோம்" என்பாள். ஏன் என்று கேட்டால் சொல்ல மாட்டாள். அவ்வளவு தூரம் ஏறி வந்தவர்கள் முணுமுணுப்பார்கள். அவள் அதைக் கேட்டுக்கொண்டே, எல்லோரையும் தனக்கு முன்னால் இறங்கவிட்டு, கடைசி ஆளாக இறங்குவாள்.